மணலில் அ எழுதிய ஜெர்மன்காரர்



முதல்லயே ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு ஒரு பாடம், அவ்வளவுதான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்னிக்கும் ஒரு தடவை யோசிச்சுட்டுத்தான் டைப் பண்றேன். பிழை இருந்தா மன்னிச்சுடுங்க. ஆனா இந்தக் கட்டுரையை இங்கிலீஷ்ல எழுத எனக்கு மனசு வரலை. ஏன்னு படிச்சு முடிக்கும்போது உங்களுக்கே புரியும்.

போன செமஸ்டர் காரைக்கால் பக்கம் ஒரு இன்டஸ்ட்ரியல் விசிட் போயிருந்தோம். திரும்பி வரும்போது தரங்கம்பாடியில் பஸ்ஸை நிறுத்தினாங்க. எல்லாரும் கடற்கரைக் கோட்டை முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு மட்டும் மூடு சரியில்லை. அன்னிக்குக் காலையிலதான் எங்க ஃபைனல் இயர் பிராஜெக்ட் டீம்ல இருந்து இன்னொருத்தனும் வேலை கிடைச்சுக் கிளம்பறதா மெசேஜ் போட்டிருந்தான். நாலு பேர்ல மிச்சம் ரெண்டு பேர். பிராஜெக்ட்டோ பாதிகூட முடியலை.

தனியா நடந்துபோய் ராஜ வீதியில இருக்கிற புது எருசலேம் தேவாலயத்துக்குள்ள உட்கார்ந்தேன். பீடத்துக்குப் பக்கத்துல ஒரு கல்லறை. அங்கே இருந்த பெரியவர் ஒருத்தர், சீகன்பால்கு ஐயர் இங்கேதான் அடக்கமாகியிருக்கார், முப்பத்தாறு வயசுலயே போயிட்டார்னு சொன்னார். அந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்துல ஒரே ஒரு தடவை, ஒரு மார்க் கேள்வியில படிச்சதா ஞாபகம். ஹாஸ்டலுக்கு வந்து தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். ஒரு வாரம் விடலை. அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன்.

படிப்பை முடிக்காத மாணவர்

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு ஜெர்மனியில், சாக்சனிப் பகுதியின் புல்ஸ்னிட்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா தானிய வியாபாரி. சின்ன வயதிலேயே அம்மாவும் அப்பாவும் இறந்துவிட்டார்கள். அக்காக்கள்தான் வளர்த்தார்கள். உடம்பும் ஒத்துழைக்கவில்லை. வயிற்றுக் கோளாறு வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை. மனச்சோர்வும் அடிக்கடி வந்து போனது.

ஹாலே நகரத்தில் இறையியல் படிக்கப் போனார். உடம்பு சரியில்லாமல் படிப்பைப் பாதியில் விட வேண்டியதாயிற்று. ஆனால் அங்கே பார்த்த ஒரு காட்சி அவர் மனதில் அழுத்தமாகப் பதிந்தது. அங்கே அகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற பேராசிரியர் இருந்தார். கடவுள் நம்பிக்கை என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரசங்கம் கேட்டுவிட்டு வருவதோடு முடிகிற விஷயம் இல்லை, அது மனிதர்களுக்குச் செய்கிற வேலையில் தெரிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி, அனாதை இல்லம், மருந்தகம், அச்சகம் என்று ஒரு குட்டி நகரத்தையே அவர் அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார். ஹாலேயின் இந்த நான்கையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி வேற ஊர்ல திரும்ப வரும்.

அதே சமயம் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக், தன் ஆட்சிக்கு உட்பட்ட ஒரு தூர தேசத்து ஊருக்கு மிஷனரிகளை அனுப்ப ஆசைப்பட்டார். அந்த ஊர்தான் தரங்கம்பாடி. 1620இல் தஞ்சாவூர் நாயக்க மன்னரோடு செய்த ஒப்பந்தத்தின்படி டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்துவந்தார்கள். கிட்டத்தட்ட 85 வருஷமாக வியாபாரம் நடந்தது. ஆனால் அந்த ஊர் மக்களின் மொழியைப் படித்து அவர்களோடு பேச வேண்டும் என்று அங்கிருந்து யாரும் அனுப்பப்படவில்லை. டென்மார்க்கில் போக ஆள் கிடைக்காமல், கடைசியில் ஜெர்மனியிலிருந்து இரண்டு பேரைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் ஹென்ரிக் புளுட்சோ. இன்னொருவர் நோயாளி, படிப்பை முடிக்காதவர், 23 வயது சீகன்பால்கு.

1705 நவம்பர் கடைசியில் கோபன்ஹேகனிலிருந்து சோபியா ஹெட்விக் என்ற கப்பல் கிளம்பியது. ஏழு மாதத்துக்கு மேல் கடல் பயணம். 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடி கரையில் வந்து இறங்கினார்கள்.

வரவேற்க ஆளில்லை

மன்னர் அனுப்பிய ஆட்கள் என்றால் கவர்னர் மாலை போட்டு வரவேற்றிருப்பார்னு நினைக்கிறீங்களா? நடந்தது நேர் எதிர்.

தரங்கம்பாடியை நடத்தியது டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி. கம்பெனிக்கு வேண்டியது மிளகும் துணியும்தான். உள்ளூர் மக்களோடு நெருங்கிப் பழகி, அவர்கள் பிரச்சினையில் தலையிட்டு, வியாபாரத்தைக் கெடுக்கப் போகிற இரண்டு பாதிரிகள் அவர்களுக்குத் தேவையே இல்லை. அதுவும் கம்பெனியைக் கேட்காமல் மன்னர் நேரடியாக அனுப்பியவர்கள். கவர்னர் ஹாசியுஸ் முதல் நாளிலிருந்தே அவர்களை எதிரியாகப் பார்த்தார். தங்க இடம்கூட ஏற்பாடு செய்யாமல் தெருவில் நிற்க விட்டார்.

இப்ப நீங்க அந்த இடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? நானா இருந்தா அடுத்த கப்பல் எப்போன்னு விசாரிச்சிருப்பேன். இல்லேன்னா மன்னருக்கு ஒரு நீளமான புகார்க் கடிதம் எழுதிட்டு, பதில் வர்ற வரைக்கும் படுத்துத் தூங்கியிருப்பேன்.

சீகன்பால்கு தமிழ் படிக்க ஆரம்பித்தார்.

எப்படித் தெரியுமா? அப்போது ஐரோப்பியர் தமிழ் கற்பதற்கு அவர் கையில் இலக்கணப் புத்தகமும் இல்லை, அகராதியும் இல்லை. ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தைத் தாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னார். சின்னப் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் அ, ஆ எழுதிப் பழகினார்கள். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இந்த ஜெர்மன்காரரும் விரலால் மணலில் எழுதினார். வாத்தியாருக்கோ ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. எழுத்து தெரிந்தது, அர்த்தம் புரியவில்லை. பிறகு அழகப்பன் என்ற தமிழர் கிடைத்தார். போர்த்துகீசு, டேனிஷ், ஜெர்மன், டச்சு என்று பல மொழி பேசத் தெரிந்தவர். அவர் மூலம்தான் சொற்களுக்கு அர்த்தம் புரிய ஆரம்பித்தது.

அதன்பிறகு அவர் வைத்துக்கொண்ட டைம்டேபிளைப் பார்த்தால் நம்ம ஸ்டடி லீவ் எல்லாம் ஒண்ணுமே இல்லை. காலையில் முந்தைய நாள் சொற்களைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. அப்புறம் மதியம் வரை ஒரு வயதான புலவரையும் எழுத்தரையும் வைத்துக்கொண்டு தமிழ் ஏடுகளைப் படிப்பது. சாயங்காலம் கண் சோர்ந்தால் யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பது. சொற்களையும் சொற்றொடர்களையும் தனித்தனியாகச் சேகரித்து எழுதி வைத்துக்கொண்டார்.

வந்து இரண்டே வருஷத்தில், 1708இல், தான் சேகரித்த தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள், ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. அதே வருஷம் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். வருவதற்கு முன்னால் தமிழர்கள் நாகரிகம் தெரியாதவர்கள் என்ற எண்ணம் அவருக்கும் இருந்தது. ஏடுகளைப் படித்த பிறகு தன் எண்ணம் தப்பு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு ஊருக்கு எழுதினார். மதம் மாற்ற வந்தவர், தானே ஒரு விஷயத்தில் மனம் மாறினார். இதை மறைக்காம எழுதினது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

ஒரு விதவைக்காக நாலு மாதம்

மொழி படித்துக்கொண்டே வேலையும் தொடங்கிவிட்டார். 1707 மே மாதம் முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றவர்கள் யார் தெரியுமா? டேனிஷ்காரர்கள் வீட்டில் அடிமைகளாக இருந்த ஐந்து பேர். அதே ஆகஸ்டில் ஒரு சின்ன தேவாலயம் கட்டி முடித்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். பெண் பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு பள்ளி. ஹாலேயில் பார்த்ததுதான் ஒவ்வொன்றாக இங்கே முளைத்தது.

கஷ்டமும் கூடவே வளர்ந்தது. ஐரோப்பாவிலிருந்து அனுப்பப்பட்ட பணப்பெட்டி, கரைக்கு வரும் படகு கவிழ்ந்து கடலுக்குள் போய்விட்டது. கடன் வாங்கித்தான் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியிருந்தது.

1708 அக்டோபரில் தன் வாழ்நாளின் பெரிய வேலையை ஆரம்பித்தார். பைபிளின் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து தமிழில் மொழிபெயர்ப்பது. ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். அப்போது ஒரு பிரச்சினை வந்தது.

முடிதிருத்தும் தொழில் செய்துவந்த ஒரு தமிழர் இறந்துபோயிருந்தார். அவருக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் இடையே ஒரு கடன் தகராறு. அவருடைய விதவை மனைவி நியாயம் கேட்டு அலைந்தார். கம்பெனி தன் ஆள் பக்கம் நின்றது. சீகன்பால்கு அந்தப் பெண்ணுக்காகத் திரும்பத் திரும்பப் போய்ப் பேசினார். கவர்னருக்குக் கோபம் தலைக்கேறியது. விசாரணைக்கு வரச்சொன்னார். எழுத்தில் உத்தரவு கொடுத்தால் வருகிறேன் என்று இவர் சொல்லி அனுப்பினார். ஆட்கள் வந்து கைது செய்தார்கள். 1708 நவம்பர் 19ஆம் தேதி, நம்ம பசங்க போட்டோ எடுத்துக்கிட்ட அதே கோட்டைக்குள்ளே அடைத்தார்கள். பேனாவும் காகிதமும்கூட முதலில் மறுக்கப்பட்டன. நாலு மாதம் கழித்து, 1709 மார்ச் 26ஆம் தேதிதான் வெளியே விட்டார்கள்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்தப் பெண்ணுக்காகப் பேசறதால மிஷனுக்கு எந்த லாபமும் இல்லை. பேசாம இருந்திருந்தா கவர்னரோட சமாதானமா போயிருக்கலாம், மொழிபெயர்ப்பு வேலையும் நிக்காது. பெரிய வேலை கையில இருக்கும்போது சின்னச் சின்னப் பிரச்சினையில தலையிடக் கூடாதுன்னு நமக்கு எத்தனை பேர் அட்வைஸ் பண்றாங்க! ஆனா அவருடைய கணக்கு வேறு. சிலுவையில் அறையப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதுகிற புத்தகத்தை மொழிபெயர்த்துக்கொண்டே, வாசலில் அழுகிற பெண்ணைப் போகச் சொல்ல அவரால் முடியவில்லை. அவருக்கு அந்த இரண்டும் ஒரே வேலை.

வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அதே வருஷம் ஜூலையில் உதவிக்கு மூன்று பேர் ஐரோப்பாவிலிருந்து வந்தார்கள். அதில் யோகான் எர்ன்ஸ்ட் கிரண்ட்லர் என்பவர் கடைசி வரை கூடவே இருந்தார். 1711 மார்ச் 31ஆம் தேதி புதிய ஏற்பாடு மொழிபெயர்ப்பு முடிந்தது.

ஓலையிலிருந்து அச்சுக்கு

இனிமேல் வருவது நம்ம டிபார்ட்மென்ட் சம்பந்தப்பட்டது. மெக்கானிக்கல் பசங்க கவனமா படிங்க.

மொழிபெயர்ப்பு முடிந்தது, சரி. ஆட்களிடம் எப்படிப் போய்ச் சேர்ப்பது? பனையோலையில் எழுத்தாணியால் ஒவ்வொரு பிரதியாகக் கையால் எழுத வேண்டும். அதற்கு எழுத்தர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒருவர் செய்த பிழை அடுத்த பிரதிக்கும் போகும். பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இப்படிப் புத்தகம் கொடுக்க முடியாது. அச்சு இயந்திரம் வேண்டும்.

லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம் உதவ முன்வந்தது. 1711இல் ஒரு அச்சு இயந்திரம், காகிதம், இயக்கத் தெரிந்த ஒரு அச்சர் என்று எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அந்தக் கப்பல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நிற்கும்போது பிரெஞ்சுக்காரர்கள் ஊரைத் தாக்கிக் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். பணம் கொடுத்துக் கப்பலை மீட்டார்கள். கப்பலின் அடித்தளத்தில் கிடந்த அச்சு இயந்திரத்தை யாரும் எடுக்கவில்லை. நிம்மதி என்று நினைத்தால், வழியில் அச்சர் காய்ச்சலில் இறந்துபோனார். 1712இல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. இயக்க ஆள் இல்லை. ஊரெல்லாம் தேடியதில் டேனிஷ் கம்பெனியின் சிப்பாய் ஒருவருக்கு அச்சு வேலை தெரிந்திருந்தது. அவரை வைத்துப் போர்த்துகீசு மொழியில் அச்சடிக்கத் தொடங்கினார்கள்.

ஆனால் தமிழ் எழுத்து? தரங்கம்பாடியிலிருந்து எழுத்துகளின் வடிவங்களை வரைந்து ஹாலேக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்து அச்செழுத்து எப்படிச் செய்வார்கள் என்றால், முதலில் ஒரு எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதைச் செம்புத் துண்டின் மேல் வைத்து அடித்தால் எழுத்தின் வடிவத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றினால் ஒரு எழுத்து கிடைக்கும். ஆங்கிலத்துக்குப் பெரியது, சின்னது சேர்த்து 52 வடிவம். தமிழில் கு, கூ, டு, டூ, மு, மூ என்று உகர ஊகார எழுத்துகளுக்கு மட்டுமே 36 தனித்தனி வடிவம் வேண்டும். தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத ஹாலே தொழிலாளிகள் இதைச் செய்து முடித்தார்கள்.

1713 ஜூனில் அந்த எழுத்துகளும் ஆட்லர் என்ற தொழில்நுட்பக்காரரும் வந்து சேர்ந்தார்கள். அடுத்த சிக்கல் ரெடியாக இருந்தது. எழுத்துகள் அளவில் ரொம்பப் பெரியவை. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் கையில் இருக்கிற காகிதம் போதவே போதாது. காகிதம் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும், அதற்கு வருஷக்கணக்கு ஆகும்.

என்ன செய்தார்கள்? ஊரிலேயே சின்ன எழுத்து செய்தார்கள். பக்கத்தில் பொறையாரில் எழுத்து வார்க்கும் பட்டறை வந்தது. ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கியதாகப் பதிவு இருக்கிறது. காகிதம் செய்யவும் ஒரு ஆலை அமைத்துப் பார்த்தார்கள். ரா மெட்டீரியல் இல்லை, ஸ்பேர் பார்ட்ஸ் இல்லை, ஆர்டர் போட்டா ரெண்டு வருஷம். இருந்தும் வேலை நிக்கலை.

1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சாகின. 1715 ஜூலையில் புதிய ஏற்பாடு முழுசாக முடிந்தது. ஒரு தப்பான தகவல் சுத்திக்கிட்டு இருக்கு, அதையும் திருத்திடறேன். தமிழில் முதல் அச்சுப் புத்தகம் இது இல்லை. 1578லேயே கொல்லத்தில் போர்த்துகீசியப் பாதிரியார் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் தம்பிரான் வணக்கம் என்ற நூலை அச்சிட்டுவிட்டார். ஆனால் புதிய ஏற்பாடு முழுவதும் ஒரு இந்திய மொழியில் அச்சானது தமிழில்தான், தரங்கம்பாடியில்தான்.

இதுல என்னை நிறுத்தின விஷயம் என்ன தெரியுமா? கடைசித் தாள் அச்சாகி முடிந்த அன்று சீகன்பால்கு தரங்கம்பாடியில் இல்லை. மிஷனுக்கு ஆதரவு திரட்ட 1714 அக்டோபரிலேயே கப்பல் ஏறிவிட்டார். ஏழு வருஷ வேலை முடிந்தபோது அவர் ஐரோப்பாவில் இருந்தார். அச்சு வேலையை இங்கே முடித்தவர் கிரண்ட்லர்.

திரும்பி வந்த ஐந்து மாதப் பாதை

ஊருக்குப் போனவர் ஓய்வெடுக்கவில்லை. கப்பலிலேயே பழைய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். ஐரோப்பியர்கள் தமிழ் படிப்பதற்காக லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். அது 1716இல் ஹாலேயில் அச்சானது. தான் மணலில் எழுதிப் பட்ட கஷ்டத்தை அடுத்து வருகிறவன் படக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். மன்னர் பிரடெரிக் அப்போது ஸ்ட்ரால்சுண்ட் நகரத்தை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார். போர் முகாமுக்கே போய் அவரைப் பார்த்தார். மரியா டொரோதியா சால்ஸ்மனைத் திருமணம் செய்துகொண்டார்.

அங்கேயே இருந்திருக்கலாம். உடம்பு முடியாதவர், புதுசா கல்யாணம் ஆனவர், இங்கிலாந்து மன்னர் வரை பெயர் தெரிந்தவர். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1716 மார்ச்சில் மனைவியோடு கப்பல் ஏறி, ஆகஸ்டில் தரங்கம்பாடி திரும்பினார். பழைய கவர்னர் மாற்றப்பட்டு, நல்லவிதமாக நடத்துகிற புது கவர்னர் வந்திருந்தார். உள்ளூர் ஆசிரியர்களைத் தயார் செய்ய ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பெரிய தேவாலயம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார். அதுதான் நான் போய் உட்கார்ந்த இடம்.

அடி வெளியிலிருந்து மட்டும் வரவில்லை

இங்கே கதையை முடிச்சா நல்லா இருக்கும். ஆனா வாழ்க்கை அப்படி முடியலை.

அவர் குறை இல்லாதவர் இல்லை. சட்டென்று கோபம் வரும். அவருடைய தமிழிலும் குறை இருந்தது. அதே காலத்தில் தமிழகத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர், தரங்கம்பாடிக்காரர்களின் தமிழை வெளுத்து வாங்கி எழுதியிருக்கிறார். தேம்பாவணி பாடியவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் தமிழும் கொச்சையாகத்தான் தெரியும், அது வேறு விஷயம். ஆனால் சரியான தமிழ் வரும்வரை எழுதாமல் காத்திருந்தால், இவர் ஒரு பக்கம்கூட எழுதியிருக்க மாட்டார்.

தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூல் எழுதினார். தமிழர்களிடமே கேட்டு, அவர்கள் ஏடுகளைப் படித்து எழுதியது. ஹாலேக்கு அனுப்பினார். அவர் குருவாக மதித்த பிராங்கேயே அதை அச்சிட மறுத்தார். மிஷனரிக்கு எதற்கு இந்த வேலை என்பது அவர் எண்ணம். கையெழுத்துப் பிரதி அப்படியே தூங்கியது.

எல்லாவற்றையும் விட வலித்தது கடைசி அடி. கோபன்ஹேகனில் மிஷனை நிர்வகித்த அலுவலகத்துக்குப் புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர், உண்மையான மிஷனரி ஊர் ஊராக நடந்து போதிக்க வேண்டும், கட்டடமும் பள்ளியும் குடும்பமும் எதற்கு என்று கேட்டார். 1718இல் அங்கிருந்து கடுமையான கண்டனக் கடிதங்கள் வந்தன. கவர்னர் திட்டினால் தாங்கலாம். கூட இருக்கிறவர்களே செய்தது எல்லாம் தப்பு என்றால் எப்படித் தாங்குவது? அதே அக்டோபரில் புது எருசலேம் தேவாலயம் திறக்கப்பட்டது. நாலே மாதம்தான். ஏற்கெனவே நொந்துபோன உடம்பு தாங்கவில்லை. 1719 பிப்ரவரி 23ஆம் தேதி இறந்தார். புதிதாகக் கட்டிய அந்தத் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

பழைய ஏற்பாடு ரூத் புத்தகம் வரை வந்திருந்தது. மொத்தம் 39 புத்தகத்தில் அது எட்டாவது.

எட்டாவது புத்தகத்துக்கு அப்புறம்

அடுத்த வருஷம் மார்ச்சில் கிரண்ட்லரும் இறந்துபோனார். எல்லாம் முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் முடியவில்லை. 1719 செப்டம்பரில் பெஞ்சமின் ஷுல்ட்சே என்ற இளைஞர் வந்திறங்கியிருந்தார். சீகன்பால்குவை அவர் உயிரோடு பார்க்கவே இல்லை. ஆனால் அவருக்குக் கற்றுக்கொள்ள இலக்கணம் இருந்தது. சொற்பட்டியல் இருந்தது. வார்த்த எழுத்துகள் இருந்தன, அச்சுக்கூடம் இருந்தது, பயிற்சி பெற்ற தமிழ் ஆசிரியர்கள் இருந்தார்கள். மிச்சப் புத்தகங்களை மொழிபெயர்த்து, 1728க்குள் பைபிள் முழுவதையும் தமிழில் அச்சிட்டு முடித்தார். பிறகு வந்த பெப்ரீசியுஸ் அந்தத் தமிழைத் திருத்தி இன்னும் நல்ல மொழிபெயர்ப்பைத் தந்தார். ஹாலேயில் தூங்கிய தெய்வங்கள் பற்றிய நூல் 1867இல், அதாவது எழுதி 154 வருஷம் கழித்து, சென்னையில் அச்சானது. இன்று தென்னிந்தியச் சமய வரலாறு படிக்கிறவர்கள் அதைத் தேடி எடுக்கிறார்கள்.

எனக்கு இதுல புரிஞ்சது ஒண்ணுதான். விடாமுயற்சி என்றால் எடுத்த வேலையை நாமே முடித்துக் கைதட்டல் வாங்குவது என்று இத்தனை நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். சீகன்பால்கு பெரிய வேலை எதையும் தன் கையால முடிக்கலை. புதிய ஏற்பாட்டை அச்சில் முடித்தது நண்பர். பழைய ஏற்பாட்டை முடித்தது முகம் தெரியாத ஒருவர். ஆனால் அவர் விட்டுப்போன ஒவ்வொரு வேலையும், அடுத்தவர் எடுத்துத் தொடரக்கூடிய நிலையில் இருந்தது. அறுவடையை நான் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, அது கடவுளின் வயல் என்று நம்புகிறவரால்தான் அப்படி விதைக்க முடியும். நீங்க கிறிஸ்தவரா, இந்துவா, முஸ்லிமா, நம்பிக்கையே இல்லாதவரா எனக்குத் தெரியாது. ஆனா ஒருத்தர் தன் நம்பிக்கையை வாயால சொல்லாம கையால செஞ்சு காட்டினா, அது எந்த மதத்துக்காரருக்கும் புரியும்.

எங்க பிராஜெக்ட் என்ன ஆச்சுன்னு கேட்கறீங்களா? ஹாஸ்டல் தண்ணித் தொட்டி நிரம்பி வழியறதைத் தடுக்கிற ஒரு சின்ன சென்சார் அமைப்பு. ரிவ்யூவுக்குள்ள முழுசா முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஓடாததை ஓடற மாதிரி காட்டி மார்க் வாங்கிடலாம்னு ஒரு யோசனை இருந்தது, மறைக்காம சொல்றேன். தரங்கம்பாடியிலிருந்து வந்த பிறகு நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். எது ஓடுது, எது ஓடலை, எந்த பார்ட் ஏன் எரிஞ்சுபோச்சு என்று ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதினோம். கோடுக்கு வரிக்கு வரி விளக்கம் போட்டோம். ரிவ்யூவில் உள்ளதை உள்ளபடி சொன்னோம். மார்க் கொஞ்சம் குறைஞ்சுதான் வந்தது.

அந்த நோட்டு இப்போ மூணாவது வருஷப் பசங்க கையில இருக்கு. போன வாரம் அவங்கள்ல ஒருத்தி, பதினேழாம் பக்கத்துல இருக்கிற சர்க்யூட்ல ஒரு தப்பு கண்டுபிடிச்சுத் திருத்திட்டேன் அக்கான்னு மெசேஜ் போட்டிருந்தா. அன்னிக்கு எனக்கு வந்த சந்தோஷம், ஃபுல் மார்க் வாங்கியிருந்தாலும் வந்திருக்காது.